கொடிப்பூ வளர்ப்போர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

கடந்த ஓராண்டில் நம் சங்கம் செய்த பணிகளை உங்கள் முன் வைக்கிறேன். மாதக் கூட்டம் ஒன்றுகூடத் தவறவில்லை. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

சென்ற பொதுக்குழுவில் பலரும் கேட்டது ஒரே கேள்விதான்: "கொடி தழைக்கிறது, ஆனால் ஏறவும் மாட்டேன் என்கிறது, பூக்கவும் மாட்டேன் என்கிறது. ஏன்?" அதனால் புது வகைகள் சேர்ப்பதைக் குறைத்துக்கொண்டு, இருக்கிற கொடிகள் எதைக் கொண்டு ஏறுகின்றன என்று வீடு வீடாகப் போய்ப் பார்த்தோம். கண்ட குறைகளில் பெரும்பாலானவை உரத்தாலோ பூச்சியாலோ வந்தவை அல்ல, பந்தலால் வந்தவை. சங்குப்பூ தண்டையே முறுக்கிக்கொண்டு ஏறும். ஒரு கயிறு போதும். பாஷன் பழக் கொடிக்குப் பற்றுக்கம்பிதான், அதாவது எதையும் சுற்றிப் பிடிக்கும் சுருள் இழைதான், கை. ஓர் உறுப்பினர் அதைப் பருத்த மரத்தூணில் விட்டிருந்தார். சுற்றிக்கொள்ள ஒன்றும் அகப்படாமல் பற்றுக்கம்பிகள் காற்றில் துழாவிச் சுருண்டு காய்ந்திருந்தன. தூணைச் சுற்றி மெல்லிய கம்பிவலை கட்டினோம்; அடுத்த முறை போனபோது கொடி வலையின் பாதி உயரம் ஏறியிருந்தது. செங்காந்தளுக்கு இலை நுனியே கை. அது சுள்ளிகளைத்தான் தேடும், பருத்த கழியைத் தொடாது.

காகிதப்பூவுக்குக் கையே கிடையாது. முள்ளால் பக்கத்தில் இருப்பதன்மேல் மாட்டிச் சாய்ந்துகொள்ளும். நாம்தான் கட்டிவிட வேண்டும். இதில் என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மலர்க்காட்சிக்காக என் செடிக்குத் தினமும் தண்ணீரும் தழைச்சத்து உரமும் ஊற்றி வளர்த்தேன். ஆளுயரத்துக்கு இலை வந்தது, பூ வரவில்லை. தண்ணீரைக் குறைத்து மண்ணைக் காயவிட்ட பிறகே நுனிகள் நிறம் கொண்டன. அந்த நிறமும் இதழ் அல்ல, பூவடிச் செதில், அதாவது பூவை ஒட்டி வளரும் நிறமேறிய இலை; நடுவே குழல்போல நிற்கும் சின்ன வெள்ளைதான் உண்மையான பூ. 'மேரி பால்மர்' வகையில் ஒரே செடியில் வெள்ளையும் ஊதா கலந்த சிவப்பும் பூக்கும். நடுவதற்குக் குச்சி வெட்டுகிறவர்கள் இரண்டும் கலந்து பூத்த கிளையைப் பார்த்து வெட்டுங்கள்.

ஆண்டின் மகிழ்ச்சியான மாலைகள் இரங்கூன் மல்லிக்கு உரியவை. ஒரு கொத்தில் அன்று அவிழும் மொட்டுகளுக்கு நூல் கட்டி, மூன்று நாள் தொடர்ந்து பார்த்தோம். பொழுது சாயும் நேரத்தில் வெள்ளையாக, வாசத்தோடு அவிழ்ந்தன. மறுநாள் இளஞ்சிவப்பு. மூன்றாம் நாள் நல்ல சிவப்பாகித் தலை கவிழ்ந்து தொங்கின. முதல் இரவின் வெள்ளை, நீண்ட உறிஞ்சுகுழல் கொண்ட அந்துப்பூச்சிகளுக்கான அழைப்பு. விரல் நீளக் குழலின் அடியில் இருக்கும் தேன் அவற்றுக்கே எட்டும். நிறம் ஏறிய பிறகு பகலில் தேனீக்கள் வருகின்றன. பல ஆண்டுகளாக இக்கொடியை வளர்க்கும் உறுப்பினர்கள்கூட, இதை உட்கார்ந்து பார்த்தது இதுதான் முதல் தடவை என்றார்கள்.

ஓர் இழப்பு: செங்காந்தள் கிழங்குகளை இடம் மாற்றியபோது சிலவற்றின் நுனி ஒடிந்தது. முளை அந்த நுனியில்தான் இருக்கிறது, ஒடிந்தவை முளைக்கவில்லை. இனி மண்ணோடு சேர்த்தே எடுப்போம். அக்கிழங்கில் கோல்சிசின் என்னும் கொடிய நஞ்சு உண்டு; தின்றால் உயிருக்கே ஆபத்து. மஞ்சள் பூப் பூக்கும் அல்லமண்டாக் கொடியின் பாலும் தோலை அரிக்கச் செய்யும். குழந்தைகள் உள்ள வீடுகளுக்கு இவற்றைத் தருமுன் எச்சரிக்கைச் சீட்டு கட்ட வேண்டும் என்று செயற்குழு முடிவு செய்துள்ளது.

நீலத் தன்பர்ஜியாக் கொடியின் நாற்றுகளைப் பொதுவில் வழங்குவதையும் நிறுத்தியுள்ளோம். அழகில் அதற்கு இணை குறைவு என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆஸ்திரேலியாவின் வடக்கு குயின்ஸ்லாந்தில் அது காட்டு மரங்களை மூடி அழுத்திய களை. வெட்டினாலும் நிலத்தடிக் கிழங்கிலிருந்து மீண்டும் தழைக்கும். வேலி தாண்டினால் மீட்க முடியாத கொடியை நாமே பரப்பக் கூடாது.

வரும் ஆண்டில் பெட்ரியா என்னும் ஊதாப்பூக் கொடிக்கும், ஜேட் வைன் எனப்படும் பச்சைமணிக் கொடிக்கும் உறுதியான பந்தல் அமைக்க எண்ணியுள்ளோம். பந்தலுக்குக் கால் நட இடம் தரக்கூடிய உறுப்பினர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுக்கவும்.

இவ்வறிக்கையை ஏற்று ஒப்புதல் அளிக்குமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்