நிழல் போகும் ஊர்களின் பெயரையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கிரகணம் வந்தால் எத்தனை மணிக்குப் பிடிக்கிறது, எப்போது விடுகிறது என்று ஊர்வாரியாகப் போடுகிறீர்கள். அதே மாதிரி ஒரு சிறுகோள் நட்சத்திரத்தை மறைக்கும்போது அதன் நிழல் நம் கொங்குப் பக்கம் எந்தெந்த ஊர் வழியாகப் போகிறது என்பதையும் நாலு நாள் முன்னாடியே போட வேண்டும் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் சுற்றுகிற சிறுகோள்களில் பெரும்பாலானவை தொலைநோக்கியில் வெறும் புள்ளிதான். ஆனால் அதில் ஒன்று நட்சத்திரத்துக்குக் குறுக்கே போனால், சுவிட்சைத் தட்டின மாதிரி நட்சத்திரம் சில நொடி அணைந்துவிடும். நட்சத்திரம் அவ்வளவு தொலைவில் இருப்பதால் நிழல் விரிவதில்லை. சிறுகோள் 40 கி.மீ. அகலம் என்றால் நிழலும் ஏறக்குறைய 40 கி.மீ.தான். தாராபுரத்தில் ஒருவர், உடுமலையில் ஒருவர், பொள்ளாச்சியில் ஒருவர் நின்று மறைந்த நேரத்தையும் திரும்பத் தெரிந்த நேரத்தையும் குறித்தால், ஒவ்வொன்றும் சிறுகோளின் மேல் ஒரு கோடு, கோடுகளை அடுக்கினால் அதன் உருவமே வந்துவிடும். ஒரே ஆள் பார்த்தால் ஒரே கோடு, அதை வைத்து உருண்டையா நீளமா என்று சொல்ல முடியாது. மறையவே இல்லை என்று ஒருவர் சொன்னாலும் வீணில்லை, ஓரம் எங்கே முடிகிறது என்பதை அதுதான் காட்டும்.

நேரம் மட்டும் சுத்தமாக இருக்க வேண்டும். நிழல் நொடிக்குப் பத்து இருபது கி.மீ. ஓடும் என்பதால் கைக்கடிகாரம் உதவாது. நொடிக்கு 25 பிரேம் வீடியோ எடுத்து ஒவ்வொன்றிலும் ஜிபிஎஸ் நேரத்தைப் பதித்தால் 0.04 நொடி வரை பிரித்துச் சொல்லலாம்.

இது பொழுதுபோக்குதானே என்று நினைக்க வேண்டாம். யுரேனஸுக்கு வளையம் இருப்பது 1977 மார்ச்சில் இப்படி ஒரு மறைப்பில்தான் தெரிந்தது. நம் தமிழ்நாட்டுக் காவலூர் வானாய்வகத்திலும் வானியலாளர்கள் பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் அன்றைக்கு அதைப் பதிவு செய்தார்கள். 2017 ஜூலையில் அர்ஜென்டினாவின் கொமொடோரோ ரிவதாவியா பக்கம் நடந்ததோ இன்னும் பெரிது: நெப்டியூனுக்கும் அப்பால் சுற்றுகிற, இன்று அரொகோத் எனப்படும் சின்ன வான்பொருளின் நிழலைப் பிடிக்க நெடுஞ்சாலையை இரண்டு மணி நேரம் மூடி, தெருவிளக்கை அணைத்து, தொலைநோக்கி ஆடாமல் இருக்கக் காற்றுக்கு மறைவாக லாரிகளை நிறுத்திக் கொடுத்தார்கள்.

இங்கே நாங்கள் தென்னந்தோப்புக் களத்தில் கேமராவைப் பூட்டிக்கொண்டிருந்தால் டார்ச்சோடு யாராவது வந்து "ஏனுங்க, இந்நேரத்துல என்ன பண்றீங்க?" என்று கேட்பது வழக்கம். விவரம் சொன்னதும் அவர்களே போய் களத்து லைட்டை அணைத்துவிட்டு வந்து கூடவே நிற்பார்கள். ஆக ஆர்வத்துக்குக் குறைச்சல் இல்லை, தகவல்தான் போய்ச் சேருவதில்லை. ஹைமாஸ் விளக்கை அரைமணி நேரம் அணைக்க ஊராட்சியிடம் கேட்கவும், கோவைக் கல்லூரி மாணவர்களைப் பாதையின் குறுக்கே ஊருக்கு ஒருவராக நிறுத்தவும் முன்கூட்டியே செய்தி வந்தால்தான் முடியும்.

தை முதல் பங்குனி வரை இந்தப் பக்கம் வானம் பெரும்பாலும் தெளிவாக இருக்கும், ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேகம் வந்து கெடுத்துவிடும். அதனால் தையிலிருந்தாவது தொடங்குங்கள். மாதம் ஒரு சின்னப் பெட்டிச் செய்தி போதும், பாதையை ஊர்ப் பெயர்களோடு எழுதித் தர நாங்கள் தயார்.

இப்படிக்கு,
வாசகர், உடுமலைப்பேட்டை