ஆண்டறிக்கை: வேலையின்மைக் காப்பீடும் தொழிற்சங்கக் கிளைகளும்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவின் தீர்மானப்படி, நமது தொழிலாளர் படிப்பு வட்டம் இவ்வாண்டு முழுவதும் பிரிட்டனின் 1911ஆம் ஆண்டுத் தேசியக் காப்பீட்டுச் சட்டத்தின் இரண்டாம் பகுதியையே எடுத்துக்கொண்டது. கட்டடம், கப்பல் கட்டுதல், இயந்திரப் பொறியியல், இரும்பு வார்ப்பு முதலிய தொழில்களில் இருந்த ஏறத்தாழ 22 லட்சம் பேருக்கு அச்சட்டம் வேலையின்மைக் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. தொழிலாளியும் முதலாளியும் வாரந்தோறும் தலா இரண்டரைப் பென்னி செலுத்தினர். அவ்விரண்டும் சேர்ந்த தொகையில் மூன்றிலொரு பங்கை அரசு தன் சார்பில் கூடுதலாகச் சேர்த்தது. வேலையிழந்தவருக்கு வாரம் 7 ஷில்லிங் (அன்று ஒரு ஷில்லிங் 12 பென்னி) உதவித்தொகை 1913 ஜனவரி முதல் வழங்கப்பட்டது.

நம் கூட்டங்களில் அதிகம் அலசப்பட்டது 105ஆம் பிரிவு. அதன்படி, அரசோடு ஏற்பாடு செய்துகொண்ட தொழிற்சங்கம் தன் உறுப்பினருக்குத் தானே உதவித்தொகையை வழங்கிவிட்டு, வழங்கியதில் முக்கால் பங்குவரை காப்பீட்டு நிதியிலிருந்து திரும்பப் பெறலாம். ஆனால் அத்தொகை, அந்த உறுப்பினருக்கு அரசிடம் நேரடியாகக் கிடைத்திருக்கக்கூடியதைத் தாண்டக் கூடாது. ஆகவே 7 ஷில்லிங்கை முழுமையாகத் திரும்பப் பெற, சங்கம் குறைந்தது 9 ஷில்லிங் 4 பென்னி கொடுத்திருக்க வேண்டும். கூடுதலான 2 ஷில்லிங் 4 பென்னி சங்கத்தின் சொந்தப் பணம். அதிலும் முழுத்தொகையையும் முதலில் தன் கையிருப்பிலிருந்து எடுத்துக் கொடுத்த பிறகே அரசிடம் கேட்க முடியும். சந்தா வசூலிப்பதே பெரும்பாடாக இருக்கும் கிளைகளை அறிந்த நமக்கு இதன் பாரம் விளங்காமல் இல்லை.

இருந்தும் சங்கங்கள் ஏன் இதை ஏற்றன என்பது நியாயமான கேள்வி. வேலையில்லாத உறுப்பினர் கிளையின் பதிவேட்டில் கையெழுத்திடுவதும், எந்தப் பட்டறையில் ஆள் தேவை என்பதைக் கிளைச் செயலாளர் விசாரித்துச் சொல்வதும் தச்சர் சங்கம் போன்றவற்றில் முன்பே இருந்த வழக்கம். உதவித்தொகையும் சங்கத்தின் வழியே வந்தால் உறுப்பினர் சங்கத்தை விட்டு விலகமாட்டார். வேலைநிறுத்தத்தால் காலியான இடத்தையோ, வழக்கமான கூலிக்குக் குறைந்த வேலையையோ மறுப்பவருக்கு உதவித்தொகை மறுக்கப்படாது என்ற விதி, என் பார்வையில், பணத்தைவிடப் பெரிய லாபம்.

இதே எண்ணத்தை 1901இலேயே பெல்ஜியத்தின் கெண்ட் நகராட்சி வேறு விதமாகச் செயல்படுத்தியது: கட்டாயம் ஏதுமின்றி, சங்கங்களின் வேலையின்மை நிதிக்கு மானியம் மட்டும் அளித்தது. டென்மார்க் 1907இல் சங்க நிதிகளுக்குச் சட்டப்படி அங்கீகாரம் தந்தது.

பிரிட்டனில் 1920ஆம் ஆண்டுச் சட்டம் காப்பீட்டைச் சுமார் 1.1 கோடிப் பேருக்கு விரிவாக்கிய வேளையிலேயே மந்தநிலை தொடங்கியது. 1921இல் வேலையற்றோர் 20 லட்சத்தைத் தாண்டினர். கூடுதல் தொகையைத் தாமே ஏற்க வேண்டிய சங்கங்களின் கையிருப்பு கரைந்தது. அரசின் பணியைச் செய்வதற்குச் சங்கமே செலவழிக்க வேண்டும் என்ற ஏற்பாடு நல்ல காலத்துக்கு மட்டுமே ஏற்றது என்பது செயலாளரின் கருத்து. நம் உறுப்பினர் சிலர் இதை ஏற்கவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

வரும் ஆண்டில் டென்மார்க் நிதிகளைப் பற்றிப் படிக்கச் செயற்குழு பரிந்துரைக்கிறது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். இவ்வறிக்கையைப் பொதுக்குழு ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்