ஆட்டத்தின் நடுவே நான் காணாமல் போனது ஏன்

அல்சூர், பெங்களூரு

அன்புள்ள மாப்ளைக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி இப்போது பரவாயில்லை. அத்தையைக் கேட்டதாகச் சொல்.

நாலு ஞாயிறாக நம் ராத்திரி ஆன்லைன் ஆட்டத்தில் நான் கடைசிவரை இருக்கவில்லை, உன் செய்திகளுக்கும் பதில் போடவில்லை. தோற்கப்போகிறோம் என்று தெரிந்ததும் நான் ஓடிவிட்டதாகக் குண்டன் சொல்லிக்கொண்டு திரிகிறானாம். கேரம் போர்டில் சிவப்புக் காயை ஒளித்து வைத்தவன் அவன், என்னைப் பற்றிப் பேச அவனுக்கு என்ன இருக்கிறது? நான் ஓடவில்லைடா. கம்ப்யூட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டிருந்தது.

ஆட்டம் சூடு பிடிக்கும் நேரமாகப் பார்த்துத் திரை சட்டென்று கறுக்கும், ஃபேன் நிற்கும், இரண்டு நொடியில் தானே மறுபடி ஆன் ஆகும். நீலத் திரை கிடையாது, பிழைச் செய்தி கிடையாது. நாள் முழுக்க ஆபீஸ் வேலை பார்த்தால் ஒன்றும் ஆகாது.

நான் முதலில் சந்தேகப்பட்டது என் மகன் பெரியவனை. அவன் தன் விளையாட்டுக்கு ஏதேதோ மாட், அதாவது விளையாட்டை மாற்றியமைக்கும் கூடுதல் ஃபைல்கள், இறக்கிப் போட்டிருந்தான். வைரஸ் வந்துவிட்டது என்று கத்தினேன். "நான் ஒண்ணும் பண்ணலப்பா" என்றான். பொய் சொல்லாதே என்றேன். ஒரு மாதம் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டு, டிஸ்க்கை மொத்தமாக அழித்து விண்டோஸைப் புதிதாகப் போட்டேன். அந்த டிஸ்க்கில் அவன் தன் விளையாட்டுக்குள் இரண்டு வருடமாகக் கட்டிய ஊர் ஒன்று இருந்தது. நடுவில் மைய மண்டபத்தோடு தெப்பக்குளம்கூட வைத்திருந்தான். எல்லாம் போயிற்று. அன்று ராத்திரியே மறுபடி ரீஸ்டார்ட் ஆனது. அப்போது அவன் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தான், ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த முகம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

அதற்கப்புறம்தான் ஒழுங்காகத் தேட ஆரம்பித்தேன். விண்டோஸ் தனக்கு நடப்பதைப் பதிவு செய்து வைக்கும் ஈவன்ட் வியூவரைத் திறந்தால் ஒவ்வொரு முறையும் கெர்னல்-பவர் 41 என்று பதிவாகியிருந்தது. அதைப் பார்த்ததும் பவர் கோளாறு என்று முடிவு கட்டிவிடக் கூடாது. சரியாக ஷட்டவுன் ஆகாமல் நின்றுபோனது என்பதைத் தவிர அது எதுவும் சொல்வதில்லை. அதன் விவரத்துக்குள் பக்செக்கோட் என்று பிழை எண்ணைக் காட்டும் ஒரு வரி இருக்கும். எனக்கு அது 0. அதாவது விண்டோஸ் பிழையை எழுதி வைப்பதற்குக்கூட நேரம் கிடைக்காமல் நின்றிருக்கிறது. பையன் போட்ட மாட் இப்படிச் செய்வது அபூர்வம். இதை நான் முதல் நாளே பார்த்திருக்க வேண்டும்.

ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐ ராத்திரி முழுக்க ஓடவிட்டேன், ரேமில் ஒரு பிழையும் இல்லை. சூடு பார்த்தால் சிபியு, கிராபிக்ஸ் கார்டு இரண்டுமே 75 டிகிரியைத் தாண்டவில்லை. யுபிஎஸ்ஸைக் கழற்றிவிட்டு நேராகச் சுவர் பிளக்கில் செருகியும் அதே கதை. விசித்திரம் என்னவென்றால், கிராபிக்ஸ் கார்டை முழு வேகத்தில் ஓட்டிச் சோதிக்கும் ஃபர்மார்க்கை அரை மணி நேரம் ஓட்டினாலும் நிற்கவில்லை. விளையாட்டில் மட்டும்தான் நின்றது.

கடைசியில் ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் கார்டு இழுக்கும் மின்சாரத்தின் உச்சவரம்பை, அதாவது பவர் லிமிட்டை, 70 சதவீதமாகக் குறைத்து விளையாடிப் பார்த்தேன். மூன்று மணி நேரம், ஒருமுறைகூட நிற்கவில்லை! 100-க்கு ஏற்றினேன், இருபது நிமிடத்தில் போய்விட்டது.

போன தீபாவளிக்குப் பழைய கிராபிக்ஸ் கார்டு ஜிடிஎக்ஸ் 1660-ஐ எடுத்துவிட்டு ஆர்டிஎக்ஸ் 3070 போட்டேன் அல்லவா? பழையது 120 வாட், புதியது 220 வாட். கம்ப்யூட்டருக்குள் எல்லாவற்றுக்கும் மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் மட்டும் ஏழு வருடப் பழைய 550 வாட். இந்தக் கார்டுக்கு 650 வாட் வேண்டும் என்று பெட்டியிலேயே போட்டிருக்கிறது. 220 என்பதும் சராசரிதான். வெடிச்சத்தமும் புகையுமாகத் திரை நிறையும்போது சில மில்லி செகண்டுக்கு அது அதைவிட எவ்வளவோ அதிகமாக இழுக்கும். எஸ்எம்பிஎஸ் பயந்துபோய்த் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடும். ஃபர்மார்க் ஒரே சீராக இழுப்பதால் தாக்குப்பிடித்தது. போதாததற்கு, கார்டுக்கு மின்சாரம் போகும் இரண்டு 8-பின் சாக்கெட்டுக்கும் ஒரே கேபிளின் இரண்டு தலைகளைச் செருகியிருந்தேன்.

சனிக்கிழமை மெட்ரோவில் சிக்பேட்டை போய் கம்ப்யூட்டர் கடைகள் இருக்கும் எஸ்.பி. ரோட்டில் 750 வாட் எஸ்எம்பிஎஸ் ஒன்று வாங்கினேன். கடைக்காரர் ஆம்பூர்க்காரர், தமிழிலேயே பேசினார். பழைய கேபிள்கள் உள்ளேயே இருக்கட்டும், எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் மாற்றிக்கொள்கிறேன் என்றேன். கையைப் பிடித்துவிட்டார். தனியாகக் கழற்றி மாட்டும் மாடுலர் கேபிள் பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் எஸ்எம்பிஎஸ் பக்கத்துப் பின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறுமாம், மாற்றிச் செருகினால் டிஸ்க், போர்டு எல்லாம் எரிந்துபோகக்கூடும். உன் மச்சான் கொடுத்த எஸ்எம்பிஎஸ்ஸை இந்த மாதம் மாட்டப்போவதாகச் சொன்னாயே, தயவுசெய்து அதோடு வந்த கேபிளையே போடு. இதில் சோம்பல் படாதே.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரியவனைக் கூப்பிட்டு அந்த ஈவன்ட் வியூவர் பதிவைக் காட்டினேன். "உன் மேல தப்பே இல்லடா, நான்தான் விசாரிக்காம கத்திட்டேன், மன்னிச்சுக்கோ" என்றேன். அவன் அந்த 0-வையே கொஞ்ச நேரம் பார்த்தான். அப்புறம் ஸ்க்ரூடிரைவரை எடுத்துவந்து தரையில் உட்கார்ந்துகொண்டான். இருவரும் சேர்ந்துதான் மாட்டினோம். கார்டுக்குத் தனித்தனியாக இரண்டு கேபிள் இழுத்தவன் அவன்.

ஒன்பது நாளாகிறது, ஒருமுறைகூட நிற்கவில்லை. அவன் குளத்தை மறுபடி வெட்ட ஆரம்பித்திருக்கிறான். மண்டபத்தை எந்தப் பக்கம் வைப்பது என்று நேற்று என்னிடம் யோசனை கேட்டான். இந்த முறை வாரா வாரம் பென் டிரைவில் ஒரு காப்பி எடுத்து வைக்கிறேன்.

வரும் ஞாயிறு பத்து மணிக்கு வந்துவிடுவேன். குண்டனுக்கும் சொல்லிவிடு.

உன்,
14-ஆம் நம்பர் ரூம்