அதே நாலு வீடுகள் போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம். செட்டிநாட்டில் படப்பிடிப்பு என்றாலே கானாடுகாத்தான், காரைக்குடி என்று அதே சில வீடுகளுக்குத்தான் வருகிறார்கள். வரட்டும், பர்மா தேக்குத் தூண், ஆத்தங்குடித் தரைக்கல், வளவில் (வீட்டு நடு முற்றத்தில்) விழும் வெயில் எல்லாம் கேமராவுக்கு அவ்வளவு பொருத்தம். ஆனால் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெருகேற்றிய சுண்ணாம்புச் சுவரில் ஆணி அடித்துவிட்டால் அதே பூச்சை மறுபடி பூச ஆள் கிடைப்பது கஷ்டம், யாராவது பக்கத்தில் நின்று பார்க்க வேண்டாமா? அப்புறம், வேறு இடங்களிலும் படம் எடுக்கலாமே: திருமயம் கோட்டை கிட்டத்தில்தான் இருக்கிறது. கடல் வேண்டுமென்றால் தொண்டி, தேவிபட்டினம், இன்னும் போனால் 1964 புயலில் அழிந்த தனுஷ்கோடி. அனுமதி எங்கே வாங்குவது, எதைத் தொடக்கூடாது என்று எல்லா இடங்களுக்கும் சேர்த்து சுற்றுலாத் துறை ஒரே பட்டியல் வெளியிடட்டும். வீட்டுக்காரர்கள் பலர் வெளியூரில் இருப்பதால், சேதத்துக்கு முன்பணம் வாங்குவதையும் கட்டாயமாக்க வேண்டும்.

– ஒரு வாசகர், காரைக்குடி