சபைப் பதிவேட்டில் விடுபட்ட ஒரு கட்டம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசு அலுவலகம் ஒன்றில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வுபெற்ற பிறகு, பாளையங்கோட்டையை அடுத்த ஒரு கிறிஸ்தவச் சேகரத்தில் (ஒரு குருவானவரின் பொறுப்பிலுள்ள சபைகளின் தொகுப்பு) ஆறு ஆண்டுகள் சபைச் செயலராகப் பொறுப்பு வகித்து, இப்போது எந்தப் பதவியும் இல்லாமல் பின்வரிசையில் அமர்ந்து ஆராதனை செய்து வருபவன் நான். அசனம் என்னும் சபைப் பொதுவிருந்தும் அறுப்பின் பண்டிகையும் நெருங்கும் நாட்களில், 'ஊழியத்துக்கு ஆள் கிடைப்பதில்லை' என்ற புலம்பல் நம் வட்டாரத்துச் சபைகளில் ஆண்டுதோறும் எழுகிறது. ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு என்ன கைவரும் என்பதைத்தான் நாம் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. இந்தக் குறையில் எனக்கும் பங்கு உண்டு என்பதால்தான் இதை எழுதத் துணிகிறேன்.

பாளையங்கோட்டைச் சபையின் 1780-ஆம் ஆண்டுப் பதிவில் 40 பேருடைய பெயர்கள் இருந்தன என்பதும், அவற்றுள் முதலாவது, கிறிஸ்தவரான பிராமணக் கைம்பெண் கிளாரிந்தா அம்மையாருடையது என்பதும் இப்பக்கத்துச் சபை வரலாறு படித்தவர்களுக்குத் தெரிந்த செய்தி. அவருடைய முயற்சியால் 1785-இல் எழும்பிய ஆலயத்தை இன்றும் 'பாப்பாத்தியம்மாள் கோயில்' என்றே ஊரார் சொல்கிறோம். நாற்பதே பேர் கூடிய சபையில், யாருக்குக் கொத்துவேலை தெரியும், யார் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பார், யார் நோயாளி அருகில் இரவு முழுவதும் விழித்திருப்பார் என்பதை ஏட்டில் எழுதிவைக்க வேண்டிய தேவையே இருந்திருக்காது. நானூறு குடும்பங்கள் கூடும் எங்கள் சபையின் நிலை அப்படிப்பட்டதன்று. எங்கள் பதிவேட்டில் பிறந்த நாள், ஞானஸ்நானம், திடப்படுத்தல், திருமணம், சங்கக் காணிக்கை என்னும் உறுப்பினர் சந்தா என்று ஒவ்வொன்றுக்கும் கட்டம் உண்டு. அடக்கம் செய்யப்பட்ட நாளுக்கும்கூட ஒரு கட்டம் உண்டு. உயிரோடு இருக்கும் காலத்தில் அந்த மனிதருக்கு என்ன தெரியும் என்பதற்கு மட்டும் கட்டம் கிடையாது.

பேதுரு அப்போஸ்தலர் தம் முதல் நிருபத்தின் நான்காம் அதிகாரத்தில், அவரவர் பெற்ற வரத்தைக் கொண்டு ஒருவருக்கொருவர் உதவவேண்டும் என்று எழுதும்போது, நல்ல உக்கிராணக்காரரை (பண்டகசாலைப் பொறுப்பாளரை) உவமையாகக் காட்டுகிறார். திருநெல்வேலிச் சீமையில் கலியாண வீட்டிலோ அசனத்திலோ உக்கிராண அறையைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சொல்லை விளக்கத் தேவையில்லை. சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு நிற்கும் உக்கிராணக்காரருக்கு அரிசியும் பருப்பும் சொந்தமல்ல. ஆனால் எந்த மூட்டை எங்கே இருக்கிறது, எது எத்தனை படி மிச்சம் என்பது அவருக்கு மனப்பாடமாக இருக்கும். இருப்பு என்னவென்றே தெரியாத உக்கிராணத்தைப் போலத்தான் நம்மில் பல சபைகள் நடந்துவருகின்றன.

என் பொறுப்புக் காலத்தில் நடந்த ஒன்றைச் சொல்லவேண்டும். எங்கள் சபையில் பார்வையற்ற சகோதரர் ஒருவர் இருக்கிறார். பார்வையற்றோர் பள்ளியில் படித்து, வங்கி வேலையில் சேர்ந்து, சொந்த வீடு கட்டிக் குடியிருப்பவர். கிறிஸ்துமஸ் வாரத்தில் ஏழைகளுக்கு வேட்டி சேலையும் அரிசியும் வழங்கும் பட்டியலில், எனக்கு முந்திய செயலர் காலத்திலிருந்தே அவர் பெயர் இருந்தது; நானும் அதை அப்படியே நகலெடுத்துக்கொண்டு வந்தேன். அவரும் மறுக்காமல் வாங்கிக்கொள்வார். வீட்டுக்குப் போனதும் அதைத் தம் வீட்டு வேலைக்கு வரும் அம்மாளிடம் கொடுத்துவிடுவார் என்பதும், என்றாவது ஒரு ஞாயிறு ஆலயத்தில் வேதபாடம் வாசிக்கவேண்டும் என்ற ஆசை அவருக்கு நெடுநாளாக உண்டு என்பதும், அவருடைய மனைவி என் மனைவியிடம் பேச்சுவாக்கில் சொன்ன பிறகே எனக்குத் தெரியவந்தன. வெட்கத்தோடு அவரைப் போய்க் கேட்டேன். "அண்ணாச்சி, பிரெயில் வேதாகமம் நம்ம வீட்டுலயே இருக்கு. யாரும் கேக்கலன்னு சும்மா இருந்தேன்" என்றார். அடுத்த மாதம் முதல் வாசிக்கத் தொடங்கினார். விரல் தாளின் மேல் ஓடும் மெல்லிய சத்தம் ஒலிபெருக்கியில் கேட்கும். ஏசாயாவின் நெடிய வசனங்களைக்கூடத் தடுமாறாமல், நிறுத்தவேண்டிய இடத்தில் நிறுத்தி வாசிப்பார்.

மிஷனெரி ஆஸ்க்வித் அம்மையார் 1890-இல் பார்வையற்றோருக்குக் கல்வி புகட்டத் தொடங்கியதும், சுவெயின்சன் அம்மையார் காது கேளாத பிள்ளைகளுக்குப் பள்ளி கண்டதும் இதே பாளையங்கோட்டையில்தான். அந்தப் பெருமையை ஆண்டுவிழா மலர்களில் அச்சிட்டுக்கொள்ளும் நாம், அந்தப் பள்ளிகளில் படித்து வளர்ந்தவர்கள் நம் பக்கத்து இருக்கையில் அமர்ந்திருக்கும்போது அவர்களை உதவி பெறுபவர்களாக மட்டுமே பார்த்துவந்திருக்கிறோம். சைகை மொழி தெரிந்த ஆசிரியை ஒருவர் எங்கள் சபையிலேயே இருக்கிறார் என்பதும் எனக்குப் பிந்தித்தான் தெரிந்தது. அவர் பிரசங்கத்தைச் சைகையில் சொல்லத் தொடங்கிய பின்னர், நாங்கள் இதுவரை கண்டிராத மூன்று குடும்பங்கள் ஆலயத்துக்கு வந்து முன்வரிசையில் அமர்கின்றன.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. கருவூலத்தில் கணக்கு அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்ற ஓர் அம்மையார், அசனத்துக்கு முந்திய இரவுகளில் பாயில் உட்கார்ந்து மூட்டை மூட்டையாக வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பார். அதே நேரத்தில் உள்ளே சபை அறையில், கூட்டல் சரியாக வராத ஆண்கள் நான்கு பேர் (அவர்களில் நானும் ஒருவன்) இரவு இரண்டு மணிவரை நன்கொடை ரசீதுகளைக் கலைத்துக் கலைத்து அடுக்கிக்கொண்டிருப்போம். பெண் என்றால் அடுப்படி, ஆண் என்றால் பணப்பெட்டி என்று நாம் பழகிவிட்டோம். இந்தப் பழக்கத்தால் கெட்டது எங்கள் கணக்கு. வெங்காயத்தை நான் உரித்திருக்கலாம்.

பிரசங்க பீடத்திலிருந்து ஐயர் (குருவானவர்) 'விருப்பமுள்ளவர்கள் முன்வரலாம்' என்று அறிவிப்பதோடு நம் கடமை முடிந்துவிட்டதாக நினைக்கிறோம். அந்த அறிவிப்பைக் கேட்டு முன்வருபவர்கள் எப்போதும் அதே பதினைந்து பேர்தான். மற்றவர்கள் சோம்பேறிகள் என்று நான் ஒருகாலத்தில் எண்ணியதுண்டு. தானாக முன்வந்தால் 'இவனுக்கு என்ன ஆசை' என்று பேசுவார்களோ என்ற கூச்சமும், தனக்குத் தெரிந்தது ஒரு பெரிய காரியமா என்ற தயக்கமும், அடுத்த தேர்தலுக்கு இப்போதே அடிபோடுகிறார் என்ற பழி வந்துவிடுமோ என்ற அச்சமும்தான் பலரைக் கட்டிப்போடுகின்றன என்பது வீடு வீடாகப் போய்ப் பேசியபோதே விளங்கியது. கடைசியாகச் சொன்ன அச்சத்தில் நியாயம் இருக்கிறது. கமிட்டித் தேர்தல் வந்துவிட்டால் அணி பிரிந்து உழைக்கிற நாம், தேர்தலில் தோற்றவருடைய திறமையையும் அவரோடு சேர்த்தே அடுத்த மூன்றாண்டுகளுக்கு ஒதுக்கிவைத்துவிடுகிறோம். பாடகர் குழுவுக்கு ஆர்மோனியம் வாசித்தவர் ஒருவர் எதிரணியில் நின்றார் என்ற ஒரே காரணத்துக்காக, ஒரு கிறிஸ்துமஸ் கீதபவனி முழுவதும் தாளம் தப்பிய பாட்டைக் கேட்ட சபை எது என்று நான் சொல்லப்போவதில்லை.

கேட்டால் மனிதர்கள் எப்படி வருவார்கள் என்பதை 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழை காட்டியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய அந்த மழையில் தாமிரபரணி கரைபுரண்டபோது, ஆற்றோரத் தெருக்களிலிருந்து வந்தவர்களுக்காக எங்கள் சமுதாயக் கூடத்தைத் திறந்துவிட்டோம். மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை, குடிநீர் இல்லை. அப்போது யாரும் அறிவிப்புக்காகக் காத்திருக்கவில்லை. குழாய் வேலை செய்யும் தம்பி ஒருவர் எங்கிருந்தோ ஜெனரேட்டர் கொண்டுவந்து ஆழ்துளைக் கிணற்று மோட்டாரை ஓடவைத்தார். செவிலியர் பயிற்சி பெற்றிருந்த ஒரு பெண், சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை விட்டுப்போன முதியவர்களை ஒரு நோட்டில் எழுதி வரிசைப்படுத்தினார். அசனத்தில் அண்டா ஏற்றிப் பழகியவர்கள் வந்தவர் எவர், எந்த மதம் என்று கேளாமல் பொங்கிப்போட்டார்கள். அந்தக் குழாய்த் தம்பியின் பெயர் அதற்கு முன் எங்கள் ஏட்டில் ஒரே ஓரிடத்தில்தான் இருந்தது: சங்கக் காணிக்கை நிலுவைப் பட்டியலில். அவருக்கு வாக்குரிமை இல்லை என்று அந்த ஆண்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டிய தாளில் கையெழுத்திட்டவன் நான்.

இதைச் சொல்லும்போது ஓர் எச்சரிக்கையும் அவசியமாகிறது. வரம் என்ற பெயரில் உழைப்பைப் பிடுங்கிக்கொள்ளும் வழக்கமும் நம்மிடம் உண்டு. நாள் சம்பளத்துக்கு வேலை செய்யும் வர்ணம் பூசுபவரையும் கொத்தனாரையும் 'கர்த்தருடைய வேலைதானே' என்று சொல்லி மூன்று நாள் கூலியை இழக்கவைத்துவிட்டு, வெள்ளைக்காகிதத்தில் 'நன்றி' என்று அச்சடித்துக் கொடுப்பது ஊழியத்தைப் பெருக்கும் வழி ஆகாது. பிழைப்புக்குச் செய்யும் வேலைக்குச் சபை கூலி கொடுக்கட்டும். மனமுவந்து அவர் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தால் அது அவருடைய காணிக்கை. அதுபோலவே, ஒருவர் செய்த உத்தியோகம் எதுவோ அதுவே அவருடைய வரம் என்றும் முடிவுகட்டிவிடக் கூடாது. முப்பத்தைந்து ஆண்டுகள் வகுப்பில் தொண்டை கிழியப் பேசி ஓய்வுபெற்ற ஆசிரியரை ஓய்வுநாள் பாடசாலைக்கு இழுத்தோம். அவரோ கல்லறைத் தோட்டத்தில் மரம் நடத்தான் ஆசைப்பட்டார். இப்போது அங்கே வேம்பும் புங்கும் நிழல் தருகின்றன. சிறுபிள்ளைகளோடு பழகும் பணிகளில் மட்டும், ஆர்வம் ஒன்றையே தகுதியாகக் கொள்ளாமல், நன்கு அறிமுகமானவர்களை இருவர் இருவராக அமர்த்துவது நல்லது. ஒரே ஆளை இருபது ஆண்டுகள் ஒரே வேலையில் வைத்து வறுத்தெடுப்பதையும் நிறுத்தவேண்டும். ஓராண்டு என்று சொல்லி அழைத்தால், ஓராண்டு முடிந்ததும் நாமாகவே போய் 'போதும், இளைப்பாறுங்கள்' என்று சொல்லவேண்டும்.

ஒரு சபையின் உள்விவகாரத்தைப் பொது நாளிதழில் எழுதுவானேன் என்று சிலர் கேட்கக்கூடும். ஆலய மதிலுக்குள் மட்டும் அடங்கிவிடும் காரியமாக நான் இதைக் கருதவில்லை. 1830-இல் ஜெர்மானிய மிஷனெரி ரேனியஸ் ஐயர் தொடங்கிய தர்ம சங்கம் ஒதுங்க இடமில்லாதவர்களுக்கு நிலம் வாங்கிக் குடியமர்த்தியது. 1903-இல் பாளையங்கோட்டையில் பிறந்த இந்திய மிஷனெரி சங்கத்துக்கு, வெள்ளாளன்விளையில் பிறந்து பின்னாளில் பேராயரான அசரியா போன்றவர்கள் தங்கள் ஆற்றலைக் கொடுத்தபோது, எழுதப் படிக்கத் தெரியாத வீட்டுப் பெண்கள் உலை வைக்கும்முன் கலயத்தில் எடுத்துப்போட்ட பிடி அரிசியைக் கொடுத்தார்கள். என் பாட்டி வீட்டிலும் அந்தக் கலயம் இருந்தது. சைவ அன்பர்கள் கோயில்களில் உழவாரப் பணிக்குக் கூடும்போது பார்த்திருக்கிறேன். புல் செதுக்கத் தெரிந்தவருக்குப் புல், விளக்குத் துலக்கத் தெரிந்தவருக்கு விளக்கு என்று யாரும் சொல்லாமலே பிரித்துக்கொள்கிறார்கள். நம்மிலும் அரசுப் படிவங்கள் நிரப்பத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் ஓய்வாக இருக்கிறார்கள். ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனைக்குத் தொலைவான கிராமங்களிலிருந்து வந்து, எந்தக் கட்டடத்தில் எந்தச் சீட்டு வாங்குவது என்று திகைத்து நிற்பவர்களுக்கு, ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் வாரத்தில் ஒரு காலைப்பொழுது துணையாக நடந்தால் அதுவும் சபை செய்யும் பணிதான்.

எங்கள் சேகரத்தில் இவ்வாண்டு புதிய செயலர் இந்த யோசனையை ஏற்றுக்கொண்டு, பழைய பதிவேட்டின் ஓரத்தில் பென்சிலால் கோடிழுத்து ஒரு கட்டம் சேர்த்திருக்கிறார். இருவர் இருவராக வீடுகளுக்குப் போகிறோம். உங்களுக்கு என்ன தெரியும், எதைச் செய்தால் உங்களுக்கு மகிழ்ச்சி, மாதத்தில் எத்தனை மணி நேரம் தரமுடியும் என்ற மூன்று கேள்விகள்தான். காணிக்கை பற்றி அன்று வாய் திறப்பதில்லை என்பதை ஒரு விதியாகவே வைத்திருக்கிறோம். இதுவரை அறுபது வீடுகளுக்கு மேல் போயாயிற்று. கிடைத்த பதில்களில் பாதி, செயலராக இருந்த ஆறு ஆண்டுகளில் நான் கேள்விப்படாதவை.

கடைசியாகப் போன வீடு, தனியாக வாழும் எண்பது வயதுப் பெரியம்மாள் ஒருவருடையது. "எனக்கு என்னய்யா தெரியும், கண்ணும் சரியாத் தெரியல" என்று சொல்லி எங்களுக்குக் கருப்பட்டிக் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டார். தெருமுனையில் அடுத்த வீட்டுக்காரி எங்களை நிறுத்தி, இந்தத் தெருவில் எந்த வீட்டில் இறப்பு நேர்ந்தாலும் முதலில் வந்து, உடலைக் குளிப்பாட்டி, உடுத்தி, அழுகிறவர்களை ஒரு வாய் தண்ணீர் குடிக்கவைப்பது அந்தப் பெரியம்மாள்தான் என்றார். நாற்பது ஆண்டுகளாக இது நடந்துவருகிறதாம். என் தாயார் இறந்த இரவில் எங்கள் வீட்டுக்கும் அவர்தான் வந்திருந்தார் என்பது அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. அவர் பெயருக்கு எதிரே என்ன எழுதுவது என்று செயலர் என்னைக் கேட்டார். எங்கள் இருவருக்கும் சரியான சொல் அகப்படவில்லை. அடுத்த வாரம் மறுபடியும் போய் அவரிடமே கேட்பது என்று முடிவுசெய்திருக்கிறோம்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற வாசகர் ஒருவர்,
பாளையங்கோட்டை.