பெரட்டுக்களம் எங்கே இருந்தது?

பல்கலைக்கழகங்களில் வரலாறும் இந்திய ஆய்வியலும் நடத்தும் விரிவுரையாளர்களுக்கு,

வணக்கம். மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். போன மாதம் உங்கள் மாணவி ஒருவர் அப்பாவைப் பேட்டி எடுக்க வீட்டுக்கு வந்திருந்தார், எந்தப் பல்கலைக்கழகம் என்பது இங்கே வேண்டாம். நல்ல பிள்ளை, மரியாதையாகத்தான் கேட்டது. ஆனால் கையில் இருந்தது ஒரு கேள்வித்தாள் மட்டும்தான். "உங்கள் தோட்டம் எங்கே இருந்தது தாத்தா?" என்றதும் அப்பா ஜன்னல் பக்கம் கையை நீட்டினார். அந்தப் பிள்ளை 'சுங்கை சிப்புட்' என்று எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டது.

அன்று ராத்திரி நான் கூகுள் எர்த்தைத் திறந்து அப்பாவிடம் காட்டினேன். வயது எண்பத்து மூன்று, முதலில் ஒன்றும் பிடிபடவில்லை, எங்கே பார்த்தாலும் செம்பனை. அப்புறம் சாலை பிரியும் முச்சந்தியைக் கண்டுகொண்டார், அங்கிருந்து விரலாலேயே நடக்க ஆரம்பித்துவிட்டார்: இது பெரட்டுக்களம் (காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரித்த இடம்), இது ஆயாக்கொட்டகை (வேலைக்குப் போனவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட இடம்), இங்கே ரப்பர் பாலைச் சேர்த்த பால் ஸ்டோர், அவசரகாலத்தில் (கம்யூனிஸ்டுகளோடு பிரிட்டிஷ் அரசு சண்டையிட்ட 1948-60 காலம்) லயத்தை, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளை, காலி பண்ணி எங்களை வேலி போட்ட குடியிருப்புக்குள் கொண்டுவந்தது இந்த வழியாக. இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் எனக்கே தெரியாத கதை. 1948 ஜூன் 16-ல் இங்கே மூன்று துரைமார்கள் (தோட்டத்து வெள்ளைக்கார அதிகாரிகள்) சுட்டுக் கொல்லப்பட்டதைப் பள்ளியில் படித்தோம். அதற்குப் பிறகு எந்த லயம் எங்கே போனது என்று நான் பார்த்த வரைபடம் எதிலும் இல்லை.

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை: உங்கள் மாணவர்கள் பழைய தோட்டங்களை வரைபடத்தில் குறிக்கட்டும். கியூஜிஐஎஸ் (QGIS) வரைபடம் தயாரிக்கும் இலவச மென்பொருள். ஒரு மைலை ஓர் அங்குலமாகக் காட்டும் பழைய நில அளவைத் தாள் ஒன்றை ஸ்கேன் செய்து, அன்றும் இன்றும் அசையாமல் இருக்கும் இடங்களில் குறைந்தது மூன்று புள்ளி வைத்தால் (ஆற்று வளைவை நம்பவேண்டாம், ஆறு இடம் மாறும்) அது செயற்கைக்கோள் படத்தின்மேல் வந்து உட்கார்ந்துவிடும். என்ன, அந்த அளவில் ஒரு மில்லிமீட்டர் பிசகினாலே தரையில் 63 மீட்டர் தள்ளிப்போகும், லயம் கோயில் வாசலில் போய் நிற்கும். அதைத் திருத்த அப்பா மாதிரி ஆள்தான் வேண்டும், காப்பகத்தில் கிடைக்காது.

பெயரும் அப்படித்தான். தாளில் கம்பெனி வைத்த பெயர் இருக்கும், எங்கள் வாயில் அது ஆறாங்கட்டை, புதுக்காடு. யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஓர் இடத்தின் தமிழ்ப் பெயரைத் தனியாகவே பதியலாம், மாணவர்கள் அதையாவது செய்யட்டும். ஒரு செமஸ்டருக்கு ஒரு வகுப்பு, ஒரு தோட்டம், அவ்வளவு போதும். கட்டுரைக்கு மதிப்பெண் போடுகிறீர்கள்தானே, வரைபடத்துக்கும் போடுங்கள்.

ஆனால் மாணவர்களைச் சீக்கிரம் அனுப்புங்கள். அப்பாவோடு மரம் வெட்டியவர்களில் (ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுப்பதை அப்படித்தான் சொல்வோம்) இந்தப் பக்கம் இன்னும் இரண்டு பேர்தான் இருக்கிறார்கள், ஒருவருக்குக் கண் மங்கிவிட்டது. சனிக்கிழமை காலை என்றால் மூவரையும் எங்கள் வீட்டிலேயே உட்கார வைக்கிறேன். பிள்ளைகளைச் சார்ஜர் கொண்டுவரச் சொல்லுங்கள், அப்பா ஆரம்பித்தால் லேசில் நிறுத்தமாட்டார்.

இப்படிக்கு,
தோட்டத்தில் பிறந்த ஒருவன்