இரட்டைக் குழாய் ரெகுலேட்டருக்குப் பேக்பிளேட் கட்டும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

நீ அனுப்பிய படங்களைப் பார்த்தேன். நீருக்குள் மூழ்கி நீந்தும்போது சிலிண்டர் காற்றை மூச்சுக்குத் தரும் உன் பழைய இரட்டைக் குழாய் ரெகுலேட்டர், அந்த அக்வா-மாஸ்டரின் பித்தளை உடம்பு இத்தனை வருடம் கழித்தும் நன்றாக இருக்கிறது. மூச்சு இழுக்கக் கனமாக இருப்பதால் உள்ளே காற்றைத் திறக்கும் லீவரைச் சரிசெய்யலாமா என்று கேட்டிருந்தாய். இப்போதைக்கு அதைத் தொடாதே. பக்கவாட்டுப் படத்தில் ரெகுலேட்டர் உன் பின்கழுத்துக்கும் மேலே, முதுகிலிருந்து நன்றாகத் தள்ளி நிற்கிறது. முதலில் ஹார்னஸை, அதாவது சிலிண்டரை முதுகில் சுமக்கும் பட்டைகளையும் பேக்பிளேட் என்னும் முதுகுத் தகட்டையும், சரிசெய்வோம்.

ஒற்றைக் குழாய் ரெகுலேட்டரில் டயாஃப்ரம் (நீரின் அழுத்தத்தை உணர்ந்து காற்றைத் திறக்கும் மெல்லிய தகடு) வாயருகே இருக்கும். சிலிண்டர் நான்கு விரல் ஏறினாலும் இறங்கினாலும் மூச்சில் ஒன்றும் தெரியாது. இரட்டைக் குழாயில் டயாஃப்ரம் முதுகில், அந்த வட்ட டப்பாவுக்குள் இருக்கிறது. நீ குப்புற நீந்தும்போது அது நுரையீரலுக்கு மேலே, ஆழம் சற்றுக் குறைந்த நீரில் இருக்கும். காற்று அந்த நீரின் அழுத்தத்தில்தான் வரும். குறைவதை உன் மார்புத் தசைதான் இழுத்து ஈடுகட்ட வேண்டும். ஒரு செ.மீ. உயர வித்தியாசத்துக்கு ஒரு செ.மீ. நீர் அளவு கூடுதல் இழுப்பு. நன்றாகப் பராமரித்த ரெகுலேட்டர் 3 செ.மீ. அளவு இழுப்பிலேயே திறந்துவிடும். டப்பாவை முதுகிலிருந்து தேவையில்லாமல் 4 செ.மீ. தள்ளி மாட்டினால், எத்தனை நுட்பமாக லீவரைச் சரிசெய்தாலும் அந்தப் பலன் கரைந்துபோகும். மல்லாந்து படுத்துப் பார், காற்று தானாகவே வாய்க்குள் தள்ளிக்கொண்டு வரும். அப்போது டயாஃப்ரம் நுரையீரலுக்குக் கீழே போய்விடுகிறது, அவ்வளவுதான்.

ஆகவே சிலிண்டர் முதுகோடு ஒட்டியும் தாழ்ந்தும் இருக்க வேண்டும். உன் அமைப்பில் பிளேட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவே ஒற்றைச் சிலிண்டரைப் பொருத்தும் அடாப்டர் ஒன்று, மிதப்புக்காகக் காற்றூதும் பையான விங் ஒன்று. இரண்டையும் கழற்று. பிளேட்டில் சிலிண்டரைச் சுற்றி இறுக்கும் கேம் பேண்டுக்கான நீளத் துளைகள் இருந்தால் பேண்டுகளை நேரடியாக அவற்றில் கோத்துவிடலாம். ஒரு தொல்லை வரும்: பிளேட்டின் நடு மேடு இரட்டைச் சிலிண்டர்களின் இடுக்கில் உட்காரவே வளைக்கப்பட்டது; ஒற்றைச் சிலிண்டர் அதன்மேல் உருளும். மேட்டின் இரு பக்கமும் சிலிண்டர் தொடும் இடத்தில் கெட்டியான ரப்பர் பட்டைகளை வைத்தால் ஆட்டம் நின்றுவிடும். பேண்டுகளை நீரில் ஊறவைத்த பிறகே இறுக்கு. நைலான் நனைந்ததும் தளரும். காய்ந்த நிலையில் இறுக்கிய சிலிண்டர் நீருக்குள் நழுவி இறங்கும்.

பிற்பாடு பழைய இரட்டைச் சிலிண்டர் பேண்டுகளை மாட்டும் எண்ணம் இருந்தால் போல்ட்டில் கவனம் வை. பிளேட்டின் இரு நடுத் துளைகளுக்கு இடையே 11 அங்குலம், அதாவது 279 மி.மீ.; அது பொருந்திவிடும். ஆனால் பழைய அமெரிக்க பேண்டுகளில் 5/16 அங்குல போல்ட் இருக்கும். கையில் பிடித்துப் பார்த்தால் மெட்ரிக் எம்-8 போலவே இருக்கும், விட்டம் 0.06 மி.மீ.தான் வித்தியாசம். மரையோ வேறு: 5/16-இல் 1.41 மி.மீ. இடைவெளி, எம்-8-இல் 1.25. எம்-8 நட் முதல் ஓரிரு சுற்று ஏறும், பிறகு மரையைத் தின்றுவிடும். மரை அளவுகோல் வைத்துப் பார்க்காமல் எதையும் திருகாதே.

ஹார்னஸுக்கு 50 மி.மீ. அகலமுள்ள, விறைப்பான நெசவு நைலான் வெப்பிங் 3.6 மீட்டர், ஒரே துண்டாக எடு. நடுப்பகுதி பிளேட்டின் பின்புறம் வர, இரு முனைகளையும் மேல் துளைகள் வழியே முன்னால் இழு. தோள் பட்டைகளாக இறங்கும் அவை கீழ்த் துளைகளில் புகுந்து, அப்படியே இடுப்புப் பட்டைகளாகும். கீழே ஒவ்வொரு பக்கமும் பற்கள் உள்ள ஸ்டீல் ஸ்லைடால் பூட்டிவிடு. இல்லாவிட்டால் தோள் இறுக்கமும் இடுப்பு இறுக்கமும் ஒன்றிலிருந்து ஒன்று திருடிக்கொள்ளும். உடனே வெட்டாதே. நீருக்குள் அணியும் அதே வெட்சூட்டோடு (நியோப்ரீன் ரப்பர் உடை) மாட்டிப் பார். ஒரு முறையாவது நனைத்து, முனையில் 15 செ.மீ. மிச்சம் விட்டு, சூடான கத்தியால் சாய்வாக வெட்டி ஓரத்தை உருக்கு.

தோள் பட்டைக்கு அடியில் உள்ளங்கை தாராளமாக நுழைய வேண்டும். பலரும் இதை இறுக்கிவிடுகிறார்கள். இறுக்கினால் பிளேட் மேலேறும், கூடவே டப்பாவும் ஏறும். பாரத்தைப் பிடித்து நிறுத்த வேண்டியது இடுப்புப் பட்டையும் கவட்டைப் பட்டையும்தான். இந்த ரெகுலேட்டரோடு கவட்டைப் பட்டை கட்டாயம் வேண்டும்: தலைகீழாக இறங்கும்போது சிலிண்டர் தலையை நோக்கிச் சரிந்தால் டப்பா மண்டையில் இடிக்கும், நிமிர்ந்த பிறகும் மேலேயே நின்றுவிடும்.

இனி உயரம். டப்பாவின் நடு தோள்பட்டை எலும்புகளுக்கு இடையே வரட்டும். அதன் மேல் விளிம்பு பின்கழுத்தின் அடியில் துருத்தும் எலும்பைத் தாண்டக்கூடாது. டப்பா வால்வுக்கும் உன் முதுகுக்கும் நடுவே உட்காருவதால், சிலிண்டரை அளவுக்கு மீறி இறக்கினால் பிளேட்டின் மேல் விளிம்பில் முட்டும். டப்பாவுக்கும் விளிம்புக்கும் ஒரு விரல் இடைவெளி கிடைக்கும் இடமே உன் எல்லை. அந்த இடத்தில் சிலிண்டரில் டேப் ஒட்டிக் குறித்து வை.

பொருள்களை மாட்டும் டி வடிவ வளையங்களான மார்பு டி-ரிங்குகள் அக்குள் மட்டத்தில் அல்லது இரண்டு விரல் கீழே. அதற்கு மேலே வைத்தால் தோளைச் சுற்றி வரும் நெளிகுழாய்களில் உரசும். வலத் தோளில் வருவது உள்ளிழுக்கும் குழாய், இடத் தோளில் போவது வெளிமூச்சுக் குழாய். இரண்டும் பட்டைகளுக்கு மேலே தளர்வாகக் கிடக்கட்டும். வாயில் கவ்வியபடி தலையை இரு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார். வாய்ப்பகுதி பல்லிலிருந்து இழுபட்டால் குழாய் குட்டை. பழைய ரப்பரை விரலால் மடித்து நெளிவுகளுக்குள் பார்க்க மறக்காதே, வெடிப்பு அங்கேதான் ஒளிந்திருக்கும்.

மூழ்குவதற்காக இடுப்பில் கட்டும் எடைப் பட்டியைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. அந்தக் காலத்து ஹார்னஸில் எடைப் பட்டி எல்லாவற்றுக்கும் வெளியே இருந்தது. பக்கிளைத் திறந்தால் நேராகக் கீழே விழும். கவட்டைப் பட்டை சேர்ந்ததும் இது கெடுகிறது. எடைப் பட்டியை முதலில் கட்டி, கவட்டைப் பட்டையை அதன்மேல் கொண்டுவந்தால், ஆபத்தில் கழற்றிய எடை கவட்டையிலேயே தொங்கும். ஹார்னஸ் முழுவதையும் பூட்டிய பிறகே எடைப் பட்டியைக் கட்டு. இரண்டு பக்கிள்களையும் கை தடவியே பிரித்தறிய வேண்டும். எடைப் பட்டியின் பக்கிளை நடுவிலும் ஹார்னஸின் பக்கிளைச் சற்று வலத்திலும் வை.

3 மி.மீ. ஸ்டீல் பிளேட் ஏறத்தாழ 2.7 கிலோ. அந்த அளவைப் பட்டியிலிருந்து குறைத்துவிடு. பட்டியில் கழற்றிவிட எதுவுமே மிஞ்சாவிட்டால், ஒரு கிலோ அளவே உள்ள அலுமினிய பிளேட்டுக்கு மாறு. விங் இல்லாமல் இறங்குகிறவனுக்கு இது முக்கியம்: ஆழத்தில் நியோப்ரீன் நசுங்கி மிதப்பு குறையும்போது கைகொடுக்க வேறொன்றும் இல்லை. தடித்த உடைதான் வேண்டுமென்றால் குறுகலான சிறிய விங்கைத் திரும்ப மாட்டு. மூச்சு கொஞ்சம் கனக்கும். அந்த விலையைக் கொடுக்கலாம். உன் ரெகுலேட்டரில் வேறு குழாய்களுக்குக் குறைந்த அழுத்தக் காற்றைத் தரும் துளை கிடையாது, ஆகவே விங்கை வாயால்தான் ஊத வேண்டும். துளைகள் உள்ள மாற்று நாசில் (முனைப் பாகம்) பொருத்தினால் விங்கை ஊதும் இன்ஃபிளேட்டரும் அவசரத்துக்கான இரண்டாவது ரெகுலேட்டரும் சேர்க்கலாம்.

அழுத்தமானி இல்லாமல் போகாதே. ரெகுலேட்டருக்கும் சிலிண்டர் வால்வுக்கும் நடுவே வைக்கும் பாஞ்சோ என்ற வளைய இணைப்பில் அதை மாட்டலாம். லீவரை இழுக்கும்வரை கடைசிக் காற்றை இருப்பாகத் தேக்கி வைக்கும் ஜே-வால்வை மட்டும் நம்புவது சரியல்ல: லீவர் எங்காவது தட்டிக் கீழே இறங்கியிருந்தால் இருப்புக் காற்று எச்சரிக்கையே இல்லாமல் தீர்ந்துவிடும். அதன் இழுகம்பி இடுப்பு டி-ரிங்கில் சிக்காதபடி அந்த டி-ரிங்கை ஒரு கை அளவு முன்னே தள்ளு. ஸ்டீல் 72 (72 கன அடி) சிலிண்டரின் வேலை அழுத்தம் 2250 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு), கூடுதலாக நிரப்ப அனுமதிக்கும் கூட்டல் (+) முத்திரை செல்லுபடியானால் 2475. ரெகுலேட்டரை வால்வில் கவ்வும் பழைய யோக்கும் அந்த அழுத்தக் காலத்துப் பொருள், 3000 பி.எஸ்.ஐ. சிலிண்டரில் அதை மாட்டாதே.

நீரில் இறங்கும் முன் ரெகுலேட்டரில் சிலிண்டர் காற்று நுழையும் துளையை மூடிக்கொண்டு வாய்ப்பகுதியில் மெல்ல இழுத்துப் பார். துளியும் வரக்கூடாது. வந்தால் குழாயிலோ டயாஃப்ரத்திலோ வெளிமூச்சு வாத்துவாய் வால்விலோ ஓட்டை. வாய்ப்பகுதியில் ஒருவழி வால்வுகள் இல்லாத பழைய வகை உன்னுடையது என்றால், நீர் புகுந்ததும் இடப் பக்கமாக உருண்டு ஊது. நீர் வெளிமூச்சுக் குழாய்க்குள் இறங்கிப் போய்விடும். இதை நெஞ்சளவு நீரில் பழகிக்கொள்.

எல்லாம் கட்டியதும் குப்புற மிதக்கும் நிலையில் பக்கவாட்டுப் படம் ஒன்று அனுப்பு. அதன் பிறகும் இழுப்பு கனமாக இருந்தால் லீவரைப் பற்றிப் பேசுவோம்.

அன்புடன்,
அண்ணன்